தாய்ப்புட்டி

என் கைதான் தப்பு செய்திருக்க வேண்டும். வேறு என்ன?

கருவியின் சின்னத் திரையில் தொண்ணூற்றொன்று என்ற எண் பச்சையாக நின்றது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குள் எழுந்த முதல் நினைப்பு இதுதான். ஆறு கெட்டுப்போயிருக்கலாம், மேட்டு வயல்களில் கொட்டிய உரம் மழையில் கரைந்து வந்திருக்கலாம் என்பதெல்லாம் பிறகுதான் வந்தன. அதுவும் அழைப்பில்லாத வீட்டுக்குள் நுழைகிறவர்களைப் போல, வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டு.

அவள் சுபாவம் அப்படி. அடுத்த அறையில் தட்டு விழுந்தால் இந்த அறையில் இருந்தபடியே "நானா?" என்பாள். பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். "அவங்க மிதிக்கற இடத்துல காலை வெச்சது உன் தப்புதானே அக்கா" என்று தங்கை கேலி செய்வாள். அதைக் கேட்டுச் சிரிப்பாள், சிரித்துவிட்டு, உண்மையாகவே காலை வேறு இடத்தில் வைத்திருக்கலாமோ என்று யோசிப்பாள்.

கண்ணாடிக் குழாயைக் கழுவி, துடைத்து, அதே ஆற்று நீரை மறுபடி ஊற்றினாள். தொண்ணூறு. இன்னொரு தடவை. தொண்ணூற்றொன்று.

ஆறு கடலைத் தொடுவதற்கு முன் ஐந்து கிளைகளாகப் பிரிகிற சமவெளியில், நடுக்கிளையின் கரையில் இருந்தது கழிமுக நீர்த்தர வாரியம். வாசலில் பளிங்குக் கல்லில் 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று பொறித்திருந்தார்கள். ஆற்றில் போடுவதைப் பற்றி வாரியத்துக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. அளப்பதுதான் அதன் வேலை.

அங்கே ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. மேசை எண்தான். அவள் மூன்றாம் மேசை. முதல் மேசை ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டாம் மேசை முதுகுவலியால் நீண்ட விடுப்பில் இருந்தது. நான்காம் மேசைக்கு அடுத்த மாதம் கல்யாணம். மூன்றாம் மேசை ஒரு பெண் என்பது இயக்குநருக்கு ஆண்டுவிழாவில் குழுப்படம் எடுக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

அவள் அளந்தது நைட்ரேட். உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வருகிற உப்பு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு அதில் பால்பொடியைக் கரைத்துக் கொடுத்தால், அதன் ரத்தம் மூச்சைச் சுமக்க மறந்துவிடும். உதடு நீலமாகும். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது எல்லை. அவள் தண்ணீர் மாதிரி எடுத்தது ஐந்தாம் கிளை பிரிகிற இடத்தில், புதிதாகக் கட்டிய நீரேற்று நிலையத்தின் படிக்கட்டுக்கு எதிரே. அங்கிருந்து திங்கட்கிழமை முதல் கடைக்கோடிக் குடியிருப்புக்குக் குழாயில் தண்ணீர் போகப் போகிறது. இத்தனை நாளும் லாரித் தண்ணீர் குடித்தவர்கள் அவர்கள்.

அந்தக் குடியிருப்பில்தான் தங்கை இருக்கிறாள். தங்கையின் மகனுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பொடிப்பால்தான்.

*

விலகல் அதிகாரி மெல்லிய குரலில் பேசுவார். நோயாளியின் வீட்டாரிடம் கெட்ட செய்தியைச் சொல்லப் போகிற டாக்டரைப் போல முதலில் உட்காரச் சொல்வார்.

"எப்போல இருந்து இப்படி இருக்கு?"

"இன்னிக்குக் காலையில இருந்து சார்."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா? குடும்பத்துல யாருக்காவது?"

"சார், தண்ணியிலதான் வந்திருக்கு."

அவர் இரக்கத்துடன் தலையசைத்தார். வாரியத்தின் வழக்கத்தை விளக்கினார். முந்தைய ஆண்டுகளின் சராசரி பதினெட்டு. அதிலிருந்து தள்ளிப் போகிற எந்த எண்ணும் விலகல். விலகலுக்குக் காரணம் நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: புட்டி, படகு, கருவி, கை.

அவள் சற்று யோசித்துவிட்டு, "ஆறு இதுல இல்லையா சார்?" என்றாள்.

"ஆத்தைத்தானே அளக்கறோம். அளக்கற பொருளையே சந்தேகப்பட்டா, அப்புறம் எதை வெச்சு அளக்கறது?"

மாடிப்படி இறங்கும்போது அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. இரண்டாவது திருப்பத்தில்தான் அந்த நியாயத்தின் பிடி நழுவியது.

முதலில் புட்டியை விசாரித்தார்கள். அதைப் பஞ்சுமேல் கிடத்தி, தனி அலமாரியில் பூட்டி, 'தொடாதீர்' என்று எழுதி ஒட்டினார்கள். புதுப் புட்டியில் புதுத் தண்ணீர். எண் மாறவில்லை. அடுத்தது படகு. படகோட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மாதிரி எடுத்தப்போ படகு ஆடிச்சா?"

"ஆடிச்சுங்க."

"ஏன் ஆடிச்சு?"

படகோட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"கீழ தண்ணி இருந்துச்சுங்க."

படகுக்கு ஆடும் சுபாவம் இருப்பதாக விலகல் அதிகாரி முடிவு செய்தார். மறுமுறை இரு கரைகளிலிருந்தும் கயிறு கட்டி, நாலு ஆள் இழுத்துப் பிடித்துக்கொள்ள, நடு ஆற்றில் படகை அசையாமல் நிறுத்தினார்கள். அவள் குனிந்து புட்டியை முக்கினாள். வடிகால் வந்து சேரும் பக்கத்தில் பாசி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடந்தது. ஒரு நாரை அதன்மேல் நடக்கலாமா என்று கால் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று பறந்தது.

"மாட்டைக் கட்டிப் போட்டுக் கறக்கற மாதிரி ஆத்தைக் கறக்கறோம் மேடம்" என்றார் படகோட்டி.

"நீங்க இந்தத் தண்ணியக் குடிப்பீங்களா?"

"நானா? நான் மிதக்கறதோட சரி."

தொண்ணூற்று மூன்று. கருவி களைத்துப் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். துணி போர்த்தி, விளக்கை அணைத்து, அந்த அறைப் பக்கம் சத்தம் போடாமல் நடக்கும்படி எல்லோருக்கும் சொல்லப்பட்டது. நான்காம் மேசையின் கருவியை இரவல் வாங்கி அளந்தாள். தொண்ணூற்றிரண்டு. நான்காம் மேசை தன் கருவியை அவளிடமிருந்து வாங்கி, தொற்றுநோய் வீட்டிலிருந்து திரும்பி வந்த பாத்திரத்தைப் போலத் துடைத்து வைத்துக்கொண்டது.

விலகல் அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

"புட்டி இல்ல. படகு இல்ல. கருவி இல்ல. மிச்சம் யாரு, நீங்கதான்" என்றார், அவள் மனம் நோகாதபடி.

*

இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். மேசைமேல் எதிராளிக்கென்று எப்போதும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருப்பார். மூலையில் கேன் கவிழ்த்து வைத்திருந்தது. வாரியத்தில் எல்லா அறைகளிலும் கேன் தண்ணீர்தான்.

"நான் இங்க சேர்ந்தப்போ பதினெட்டு" என்று ஆரம்பித்தார். "போன வருஷம் பதினெட்டு. அதுக்கு முந்தின வருஷம் பதினெட்டு. வெள்ளம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா, இந்தக் கட்டடமே இடுப்பளவு முழுகிக் கிடந்துச்சு. படகும் இல்ல, ஆளும் இல்ல, மாதிரி எடுக்கவே முடியல. அப்பவும் பதினெட்டு. உலகத்துல எந்த ஆறாவது இவ்வளவு ஒழுக்கமா இருந்து பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அந்த ஒழுக்கம் தானா வந்ததா? நாம கொண்டு வந்தது. ஆறு என்னம்மா ஆறு, அதுபாட்டுக்குப் போகும். நிலையா நிக்கறது நாமதான்."

பிறகு, அவள் செய்ய வேண்டியதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை விலகல் குழு கூடும். அங்கே எழுத்து வேலை ஒன்றும் கிடையாது. சம்பந்தப்பட்ட மேசை குழுவின் முன் நின்று, வாய்விட்டு, 'கை நடுங்கியது' என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த எண் பிறக்காததற்குச் சமம். சராசரி நிற்கும். திங்கட்கிழமை குழாய் திறக்கும்.

"சொல்லலேன்னா சார்?"

கேட்டுவிட்டு, இப்படிக் கேட்டது தான்தானா என்று அவளே திகைத்தாள்.

இயக்குநருக்கும் அது புதிதாக இருந்தது. "சொல்லலேன்னா குழாயைத் திறக்க முடியாது. தண்ணிய வெளியூர்ல வேற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணுமாம். அப்படி ஒரு விதி இருக்கறதே எனக்கு நேத்துதான் தெரியும். இதுவரைக்கும் யாருக்கும் அது தேவைப்படல. எல்லாருக்கும் நடுங்கியிருக்கு. முதல் மேசைக்கு இருபது வருஷம் நடுங்கிச்சு. எவ்வளவு கௌரவமா ஓய்வு பெற்றுப் போனார், நீங்களும் மாலை போட்டீங்கல்ல?"

"போட்டேன் சார்."

"ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டு. ரெண்டுக்கு அப்புறம் நாலு. இப்படி எண்ணினாலும் வாரியம் நடக்கும்மா. நான் பயமுறுத்தல. கணக்குச் சொல்றேன்."

அவள் தம்ளரைத் தொடாமலே எழுந்து வந்தாள். தொட்டிருக்கலாம், மரியாதைக்காவது ஒரு மடக்கு குடித்திருக்கலாம் என்று வீடு வரைக்கும் தோன்றிக்கொண்டிருந்தது.

*

தங்கையின் சமையலறையில் புதுக் குழாய் பளபளத்தது. அதன் கழுத்தில் நகராட்சியார் கட்டிய ரிப்பன் இன்னும் அவிழாமல் இருந்தது.

"இதைப் பாரேன்க்கா" என்று தங்கை திருகினாள். குழாய் பெருமூச்சு விட்டது. "காத்துதான். அதையே காலையில இருந்து நாலு தடவை திறந்து திறந்து பாத்துட்டேன். திங்கக்கிழமையோட லாரி வராது. குடத்தைத் தூக்கிட்டு ஓட வேண்டாம், அந்த டிரைவர்கிட்ட பல்லிளிக்க வேண்டாம்."

அடுப்பில் பால்புட்டி கொதிநீரில் உருண்டுகொண்டிருந்தது. கூடத்தில் குழந்தை தூங்கியது. உதடுகள் கனவில் எதையோ சப்பின. அவள் அந்த உதடுகளையே பார்த்தாள். இளஞ்சிவப்பு. நிறத்தைப் பார்க்கும் பழக்கம் வேலையில் வந்தது. இப்போது அதை நிறுத்த முடியவில்லை.

"அந்தத் தண்ணிய இவனுக்குக் குடுக்காத."

"ஏன்? உங்க ஆபீஸ்தானே அளக்குது?"

"அதனாலதான் சொல்றேன்."

தங்கை சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எண்ணை, எல்லையை, நீல உதட்டை.

"கொதிக்க வெச்சுக் குடுத்தா?"

"கொதிச்சா தண்ணிதான் குறையும். அது அப்படியே கிடக்கும். இன்னும் கெட்டியாயிடும்."

தங்கை இடுக்கியால் பால்புட்டியை எடுத்துத் துணிமேல் கவிழ்த்தாள்.

"இப்ப நீ நிச்சயமாச் சொல்றியா, இல்ல உன் வழக்கப்படி சொல்றியா?"

"வழக்கப்படின்னா?"

"நாளைக்கு வந்து, 'இல்லடி, பாத்தா என் தப்புதான்'னு நிப்பியே, அது."

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் எங்கேயாவது அலைஞ்சு நல்ல தண்ணி கொண்டு வந்துடுவேன். கீழ் வீட்டுல ஒண்ணு பிறந்திருக்கு. எதிர் வரிசையில ரெட்டை. அவங்களுக்கு நான் என்ன சொல்ல? எங்க அக்காவுக்கு ஒரு நம்பர் வந்துச்சு, ஆனா அவங்க ஆபீஸ் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லேங்குதுன்னா? யாரு நம்புவாங்கக்கா? நீயே நம்பல."

கிளம்பும்போது குழந்தை விழித்துக்கொண்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுக்கமாக இருந்தது. தன் விரல் அதற்குள் அசையாமல் கிடப்பதை அவள் கவனித்தாள்.

*

வியாழக்கிழமை காலை கை மதிப்பீடு நடந்தது.

நீண்ட நடைவழியின் இரு பக்கமும் ஊழியர்கள் வரிசையாக நிற்க, விளிம்புவரை நிரம்பிய தம்ளரை அவள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏந்திச் செல்ல வேண்டும். கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கூட்டிவருகிற மாதிரி எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பாதித் தூரம் ஒழுங்காகத்தான் போனாள். நான்காம் மேசை மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற இடத்தில் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. விலகல் அதிகாரி மண்டியிட்டுத் தரையிலிருந்து அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, பஞ்சை நிறுத்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. இது முதல் கட்டம்தான்" என்றார்.

இரண்டாம் கட்டம் தாய்ப்புட்டி.

வாரியம் திறந்த நாளில் ஆற்றிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் தம் கையால் மொண்ட தண்ணீர் அந்தப் புட்டியில் இருந்தது. அதற்குத் தனி அறை, இரவு பகல் ஓடுகிற ஏசி, சிவப்பு வெல்வெட்டு விரித்த பீடம், கண்ணாடிக் கூண்டு. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிவந்து காட்டுவார்கள். ஏசி பழுதான ஒரு கோடையில் ஊழியர்களே முறைவைத்து விசிறினார்கள். பதினெட்டு என்ற எண் பிறந்தது அந்தப் புட்டியில்தான். ஆண்டுக்கொரு முறை அதிலிருந்து சிறிது எடுத்து அளப்பார்கள். அளந்தவர்கள் அத்தனை பேருக்கும் பதினெட்டே வந்தது. என்ன வரவேண்டும் என்பதைக் கதவிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

சாவியம்மா வந்து கூண்டைத் திறந்தாள். கட்டடத்தின் எல்லாப் பூட்டுகளும் அவள் இடுப்பில் தொங்கின. நடந்தால் மாட்டுவண்டி வருவது போலிருக்கும்.

இயக்குநர், விலகல் அதிகாரி, வாரியத்தின் மூத்த ஆலோசகர் மூவரும் சுற்றி நிற்க, அவள் கண்ணாடிக் குழாயில் தாய்ப்புட்டியின் தண்ணீரை எடுத்தாள். கருவி ஓய்வு முடிந்து புத்துணர்ச்சியுடன் இருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு.

மறுபடி அளந்தாள். இரண்டு.

மூத்த ஆலோசகர் கண்ணை மூடியபடியே, "பதினெட்டு" என்றார். அது அவர் வழக்கம்.

இயக்குநர் அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

"அங்க அதிகம். இங்க கம்மி. நடுங்கற கைக்கு இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?"

*

கழுவறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் கையைப் பார்த்தபடி நின்றாள்.

ஐந்து விரல்கள். நகங்களில் மருந்துக் கறை. இவ்வளவு நாளும் இது தன்னோடு இருந்திருக்கிறது. சாப்பிட்டிருக்கிறது, தங்கைக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறது, இறந்துபோன அம்மாவின் கண்களை மூடியிருக்கிறது. இதை நம்பலாமா என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்ட முதல் நாளே பதில் தெரியவில்லை.

ஒப்புக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தட்டை உடைத்தது யார் என்று வீடு முழுக்க இறுகி நிற்கும். அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போகும். 'நான்தான்' என்று அவள் சொன்னதும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். உடைத்தவர்கள் உட்பட. அந்தப் பெருமூச்சுக்காகவே எத்தனை தட்டுகளைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நல்லவள் என்று பெயர் வந்தது. நல்லவள்தானா, அந்த இறுக்கத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கத் தெரியாதவளா என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

நாளைக்கும் அப்படித்தான். இரண்டே சொல். மூன்று பேர் மூச்சு விடுவார்கள். குழாய் மூச்சு விடும், பிறகு தண்ணீர் விடும்.

சாவிகள் குலுங்கின. சாவியம்மா வாளியோடு உள்ளே வந்து, அவளைப் பார்த்ததும் நின்றாள்.

"அழறியா கண்ணு? அழுதா கீழ சிந்தாம அழு. அந்த ஆளு அதையும் பஞ்சை வெச்சு நிறுப்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"பெரிய பாட்டில்ல ரெண்டுதான் வந்துச்சு. பதினெட்டு வரணும்."

"எனக்கென்ன தெரியும் ரெண்டும் பதினெட்டும். வருஷா வருஷம் மொண்டு எடுக்கறாங்க, மிச்சம் ஆவியாப் போகுது. குறைஞ்சா யாரைக் கேப்பாங்க? சாவி யார்கிட்ட இருக்கோ அவளைத்தானே. அதான் அப்பப்போ கொஞ்சம் ஊத்தி வெச்சுடுவேன்."

அவள் குழாயை மூடினாள்.

"எந்தத் தண்ணிய?"

"கேன் தண்ணிதான். பின்ன ஆத்துத் தண்ணியவா ஊத்துவாங்க, அவ்வளவு அழகான பாட்டில்ல?" சாவியம்மாவுக்கு நிஜமாகவே மனம் புண்பட்டுவிட்டது. உடனே அவள் முகம் மாறியது. "நான் சொன்னேன்னு சொல்லிடாத தாயி. ரெண்டு பொண்ணு எனக்கு. ரெண்டும் இப்பதான் படிக்குது."

நடைவழியில் கவிழ்ந்திருந்த கேனின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டை அவள் குனிந்து படித்தாள். ஒவ்வோர் உப்பும் எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருந்தது. நைட்ரேட்: இரண்டு.

அவள் நிமிர்ந்து நெடுநேரம் அங்கேயே நின்றாள். யாரோ தண்ணீர் பிடிக்க வந்து, "கொஞ்சம் நகருங்க" என்றார்கள். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லத்தான் வாய் திறந்தது. சொல்லாமல் நகர்ந்தாள்.

*

விலகல் குழுவின் அறையில் நீள மேசைமேல் வெள்ளை விரிப்பு. அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகளில் இயக்குநர், விலகல் அதிகாரி, கண்மூடிய மூத்த ஆலோசகர். இந்தப் பக்கம் நாற்காலி இல்லை. மூன்றாம் மேசை நிற்க வேண்டிய இடத்துக்கு நேரே மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர், ததும்பத் ததும்ப. கதவருகே சாவியம்மா, சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கையில் இறுக்கிப் பிடித்தபடி.

இயக்குநர் எழுந்து நின்றார். அவள் ஒருத்திக்காக எழுந்தாரா, பேச்சு என்றால் எழுந்துவிடும் பழக்கமா என்று தெரியவில்லை.

"தண்ணி கெடலாம். கெட்டா சுத்தம் பண்ணிக்கலாம். நம்பிக்கை கெட்டா என்ன பண்றது? திங்கக்கிழமை மேடை போட்டாச்சு. பந்தல்காரனுக்கு முன்பணம் குடுத்தாச்சு. அந்தக் குடியிருப்பு மக்கள் நம்மளை நம்பி லாரியை நிறுத்தச் சொல்லிட்டாங்க. சொன்னது நாமதான், ஆனா அவங்க சார்புல சொன்னோம். இப்ப ஒரு கை, ஒரே ஒரு கை, இத்தனை பேரோட நம்பிக்கையைவிடப் பெரிசுன்னு நினைக்கறது அகம்பாவம் இல்லையா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல. உங்களைப் பத்தி விசாரிச்சேன். எது நடந்தாலும் முதல்ல தப்பை ஒத்துக்கறவங்கன்னு எல்லாருமே சொன்னாங்க. அந்த மாதிரி ஆளுங்க மேலதான் இந்த வாரியமே நிக்குது."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் உண்மை என்று அவளுக்குப் பட்டது.

கதவுப் பக்கம் பார்த்தாள். கேன் என்ற ஒரு சொல் போதும். தாய்ப்புட்டி, வெல்வெட்டு, பதினெட்டு எல்லாம் சரிந்துவிடும். முதலில் சரிவது யார் என்பதும் தெரியும். சாவியம்மாவின் விரல்கள் சாவிகளை இன்னும் இறுக்கின. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆக, இந்த அறையில் அவளுக்கென்று பேச வேறு எதுவும் கிடையாது. கைதான்.

"ரெண்டே வார்த்தை" என்றார் விலகல் அதிகாரி, பரிவோடு. "சொல்லிட்டு, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. உங்க தங்கச்சி அந்தக் குடியிருப்புலதான் இருக்காங்களாமே. திங்கக்கிழமை குழந்தையோட மேடைக்கு வரச் சொல்லுங்க. முதல் தண்ணிய அவங்களுக்கே குடுத்துடலாம்."

மூத்த ஆலோசகர் கண் திறவாமல், "பதினெட்டு" என்றார்.

அறை இறுகியது. அந்த இறுக்கம் அவளுக்கு நன்றாகப் பழகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுடைய 'நான்தான்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும் அந்தக் கணம். சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பழகிய மாடு கொட்டிலுக்கு வருவது போல, யாரும் ஓட்டாமலே வந்து நின்றது. அவள் அதை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. தம்ளரை எடுத்தாள்.

கை நடுங்கியது. விரல்நுனியில் தொடங்கி முழங்கைவரை ஏறியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவள் விரல்மேல் வழிந்து, வெள்ளை விரிப்பில் சொட்டி, மெல்லப் பரந்து இயக்குநர் பக்கமாக நகர்ந்தது. விலகல் அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவர் கை தானாகவே சட்டைப்பைப் பஞ்சைத் தேடியது.

"பாருங்க சார். நாம சொல்லவே வேண்டாம்."

அவளும் பார்த்தாள். தன் கையை, ஆடுகிற தம்ளரை, விரிப்பில் விரிகிற ஈரத்தை. படகை நாலு பேர் கயிறு கட்டி நிறுத்தியிருந்த அந்தக் காலை ஞாபகம் வந்தது. பாசிக்கு இந்தப் பக்கம் குனிந்து புட்டியைச் சாய்த்தபோது நீர் குமிழியிட்டு உள்ளே இறங்கியதும், கை அதன் கழுத்தைப் பிடித்திருந்ததும்.

"ஆமா சார்" என்றாள். "இப்போ நடுங்குது."

இயக்குநர் மூச்சு விட்டார். நாற்காலியில் சாய்ந்தார்.

அவள் குடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆத்துல நடுங்கல."